ஆலயமணியும் அரிச்சுவடியும்

வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் எண்ணுவது நம் பழக்கம். இன்று நான் உங்களுக்குச் சொல்ல எண்ணியிருப்பது அரண்மனைக் கதையன்று. ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியின் கதை. விடியற்காலையில் ஒலித்த சிறு மணியும், அவ்வோசைக்கு எழுந்து பாய் சுருட்டிய சிறுமியரும், ஆலயத்தில் நின்று அவர்கள் வாசித்த புத்தகமுமே இதன் பொருள். இவை நம் பெண்கல்வியின் வரலாற்றில் பெற்ற இடம் சிறிதன்று. ஆயினும், பாடநூல்களில் இவற்றுக்குக் கிடைத்திருப்பவை ஒன்றிரண்டு வரிகளே.

நான் பயிற்சி பெற்ற ஆசிரியனாகத் தொடங்கி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்று, வண்டலூரில் வாழ்பவன். எங்கள் ஊருக்கு வடக்கே, சில கிலோமீட்டர் தொலைவில் தாம்பரம் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் நகரத்தின் நடுவிலிருந்து பெயர்ந்து அங்கே குடியேறியது. மறு ஆண்டு டிசம்பரில் உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்த திருச்சபைப் பேராளர்கள் அக்கல்லூரி வளாகத்தில் கூடி மாநாடு நடத்தினர். அதனால் தாம்பரம் என்னும் பெயர் உலகக் கிறிஸ்தவ வரலாற்றிலும் ஏறிற்று. இக்கல்லூரிக்கு வித்தாக அமைந்த பள்ளி சென்னையில் 1837-இல் தொடங்கப்பட்டது. ஆண் மக்களுக்கான அந்தப் பள்ளிக்கும் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது, தமிழ்ச் சிறுமியருக்கென்று கடலுக்கு அப்பால் எழுந்த ஒரு விடுதிப் பள்ளி. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த உடுவில் என்னும் ஊரில் 1824-இல் அது தொடங்கப்பட்டது. உடுவில் மகளிர் கல்லூரி என்ற பெயரில் இன்றும் நடைபெற்று வருகிறது.

உடுவிலுக்குச் செல்லுமுன், பெண்களுக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்னும் எண்ணம் இந்தச் சமயப் பணியாளர்களுக்கு ஏன் எழுந்தது என்பதைக் காண்போம். புரோட்டஸ்டண்டுக் கிறிஸ்தவரின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று, ஒவ்வோர் ஆன்மாவும் வேதாகமத்தைத் தானே வாசித்து உணரவேண்டும் என்பது. குருமார் வாசிக்கப் பிறர் கேட்டிருந்தால் மட்டும் போதாது. இக்கொள்கை ஓர் ஊருக்குள் நுழையுமாயின், அதன் பின்னாலேயே அரிச்சுவடியும் நுழைந்தாகவேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715 அளவில் அச்சிட்டு முடித்ததும், பள்ளிகள் வைத்ததும் இக்கொள்கையின் விளைவுகளே. ஆன்மா என்பதில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை; ஆதலால் பெண்ணுக்கும் எழுத்து வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நாட்டு வழக்கமோ வேறாக இருந்தது. சங்க காலப் பெண்பாற் புலவர்களையும், காரைக்காலம்மையாரையும், ஆண்டாளையும் பெற்ற மொழி நம்முடையது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பப் பெண் எழுத்தறிவது பல இடங்களில் இழுக்காகக் கருதப்பட்டது. எழுத்தும் பாட்டும் கோயிற்பணி செய்த தேவரடியார் குலப் பெண்களுக்கே உரியவை என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. அச்சூழ்நிலையில் பெண்ணைப் பள்ளிக்கு அழைப்பதே அரிது. வீட்டை விட்டுப் பிரித்து விடுதியில் வைப்பது அதனினும் அரிது.

இந்த அரிய செயல் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் நிகழ்ந்தது. ஒன்று நாஞ்சில் நாடு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1819-ஆம் ஆண்டின் இறுதியில் தம் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். அவர் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் வாசிப்பும் எழுத்தும் கற்பித்ததோடு, லேஸ் பின்னலும் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அந்தக் கைவேலை, நாகர்கோவிலின் பெயரை வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்றது. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நிலவியது. 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. லேஸ் பின்னி ஈட்டிய கூலியைச் சேர்த்துவைத்துத் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு என்று மிஷன் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பள்ளியிலும் ஆலயத்திலும் மேலாடை அணிந்து பழகிய பெண்கள், தெருவிலும் அவ்வாறே நடந்தபோது எதிர்ப்பு எழுந்தது. தோள்சீலைக் கலகம் என வரலாறு கூறும் அந்தப் போராட்டம் 1822-இல் தொடங்கி, 1859-இல் திருவிதாங்கூர் அரசரின் ஆணை வெளிவரும்வரை நீண்டது. ஆலயத்தில் கற்ற ஒழுங்கு ஆலயத்தின் வாயிலோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றோர் இடம் உடுவில். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816-இல் காலூன்றியது. போர்த்துக்கீசியர் காலத்தில் கட்டப்பட்டுப் பின்னர்ப் பாழடைந்து கிடந்த கோயில்களையும் குருமார் இல்லங்களையும் செப்பனிட்டு, அவற்றையே அவர்கள் தம் நிலையங்களாக்கிக்கொண்டனர். 1820-இல் உடுவிலில் குடியேறிய மைரன் வின்ஸ்லோவின் துணைவியார் ஹாரியட் வின்ஸ்லோ என்பவரே நம் கதையின் தலைவி. மைரன் வின்ஸ்லோ என்ற பெயரை உங்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1862-இல் வெளியிட்டவர் அவரே. கணவர் சொற்களைத் தொகுத்தார். மனைவி சிறுமியரைத் தொகுத்தார்.

தொடக்கத்தில் ஒரு சிறுமியும் மிஷன் வீட்டில் உண்ண உடன்படவில்லை. சாதி கெடும் என்ற அச்சம் பெற்றோரைத் தடுத்தது. ஒரு மழை இரவில் வீடு திரும்ப இயலாத இரண்டு சிறுமியர் அங்கேயே உண்டு உறங்கினர் என்றும், விடுதி அன்று தொடங்கியது என்றும் வழிவழியாகச் சொல்வர். அதற்கு முன்னரே, 1823-இல், வட்டுக்கோட்டையில் இளைஞருக்கான செமினரி நிறுவப்பட்டிருந்தது. அங்கே கற்றுவரும் கிறிஸ்தவ இளைஞருக்குக் கற்ற மனைவியர் வேண்டும் என்பதும் உடுவில் பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று. வேதம் வாசிக்கும் ஆன்மா என்ற உயர்ந்த கொள்கையும், படித்த கணவனுக்கு ஏற்ற மனைவி என்ற உலகியல் தேவையும் அதன் இரண்டு தூண்கள். ஹாரியட் அம்மையார் 1833-இல், தம் முப்பத்தாறாம் வயதில், அம்மண்ணிலேயே உயிர் நீத்தார். அவருக்குப்பின் ஸ்பால்டிங் தம்பதியர் பொறுப்பேற்றனர்.

1840-இல் எலைசா அக்னியூ என்னும் திருமணமாகாத அமெரிக்கப் பெண்மணி உடுவிலுக்கு வந்தார். நியூயார்க்கில் பிறந்த அவர், ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல், 1879 வரை அப்பள்ளியின் தலைமையை வகித்தார். 1883-இல் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். தாயிடமும், மகளிடமும், பேத்தியிடமும் அதே அரிச்சுவடியை வைத்தவர் அவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுமியர் அவரிடம் பயின்றதால் ‘ஆயிரம் மகளிரின் தாய்’ என்ற பெயரும் அவருக்கு உண்டாயிற்று.

இத்தகைய பள்ளிகளில் ஆலய வாழ்க்கை எவ்வாறு அமைந்திருந்தது? நாளின் இரு கரைகளிலும் ஜெபம் நின்றது. காலை மணிக்கு எழுந்து, நீராடி, கூடத்தில் வரிசையாக அமர்வர். ஒரு பகுதி வாசிக்கப்படும், பின் பாட்டு, பின் ஜெபம். அதன் பிறகே அரைத்தலும், பெருக்குதலும், பாடமும். மாலையில் மீண்டும் ஜெபம். ஞாயிறன்று வெள்ளாடை உடுத்தி ஆலயம் செல்வர். வசனங்களை மனப்பாடமாகச் சொல்வதும், வினாவிடை முறையில் சமயக் கொள்கையை ஒப்பிப்பதும் வாரந்தோறும் நடைபெறும். இவ்வளவும் கட்டுப்பாடே எனத் தோன்றும், உண்மையில் கட்டுப்பாடுதான். ஆனால் ஓர் ஆசிரியனாக இதை உற்று நோக்கும்போது, இதற்குள் வேறொரு பயிற்சியும் ஒளிந்திருப்பதைக் காண்கிறேன். பலர் கேட்கும்படி எழுந்து நின்று வாசித்தல், கேட்ட கேள்விக்கு விடை கூறுதல், தாளத்தோடு பலருடன் சேர்ந்து பாடுதல் ஆகிய மூன்றும் அன்றைய தமிழ்ப் பெண்ணுக்கு வேறெங்கும் எளிதில் கிட்டாதவை.

பாட்டைப் பற்றித் தனியாக ஒரு சொல். முதலில் ஆலயங்களில் ஒலித்தவை பெரும்பாலும் ஞானப்பாட்டுகள். அதாவது, மேனாட்டு மெட்டுகளுக்கு இயையத் தமிழில் ஆக்கப்பட்டவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் இராகங்களிலும் தாளங்களிலும் கீர்த்தனைகள் இயற்றினார். மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் அவற்றை அருமை அறிந்து சேகரித்து, 1853-இல் கீர்த்தனைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதன்பின் விடுதிச் சிறுமியரின் நாவில் நம் நாட்டு இசையும் ஏறிற்று. குலமகளிர் பலரறியப் பாடலாகாது என்றிருந்த நாட்டில், வழிபாடு என்ற பெயரால் அவர்களுக்குப் பாட்டு மீண்டும் கிடைத்தது.

கொடையும் ஆலய வாழ்வின் ஒரு பகுதி. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்து, அதைச் சேர்த்துத் திருப்பணிக்கு அளிக்கும் பிடியரிசி வழக்கத்தை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்கள் மேற்கொண்டனர். இவ்வாறு பழகிய திருச்சபை, பிற்காலத்தில் பாக்கு நீரிணையைக் கடந்து, நம் கரையிலுள்ள தொண்டியில் தன் பணியாளரை வைத்துப் பணிசெய்தது. அமெரிக்கரிடம் பெற்றவர்கள், தாமும் கொடுப்பவராயினர்.

இதுவரை கூறியது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் காட்டாதவன் வரலாறு கூறியவன் ஆகான்.

பள்ளிக்கு வந்த சிறுமியர் சிலரின் பெயரே மாறியது. அமெரிக்காவில் ஒரு குழந்தையின் செலவை ஏற்றுக்கொண்ட கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அதற்கு இடும் வழக்கம் அம்மிஷனில் இருந்தது. தாய் தாலாட்டிய பெயர் வீட்டில் கிடக்க, கடல் கடந்து வந்த பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏறிற்று. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ இளைஞரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் அளிக்கும் முறையும் தொடக்க காலத்தில் இருந்தது. அக்னியூ அம்மையாரிடம் கற்றவருள் அறுநூற்றுவருக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர் என்று மிஷன் நூல்கள் பெருமையுடன் எழுதுகின்றன. இதைப் படிக்கும் வரலாற்று மாணவன் ஒரு கேள்வி எழுப்பியே தீரவேண்டும். பெற்றோரைப் பிரிந்து, ஒரே சமயச் சூழலில் பல ஆண்டுகள் வளர்ந்து, திருமண வாழ்வும் அதனையே சார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் நம்பிக்கை எவ்வளவு அவளுடையது? எவ்வளவு அவள்மீது சுமத்தப்பட்டது?

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. சுமத்தப்பட்டது மட்டுமே எனில், தாயாகிய பின் தன் மகளையும் அதே வாயிலுக்குக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கமாட்டாள். முற்றும் அவள் விருப்பமே எனில், பெயரும் சீதனமும் அவ்விருப்பத்துக்குத் துணையாக வந்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் கலந்தே இருந்தன. கலந்திருந்ததைக் கலந்ததாகவே கூறுவது நேர்மை.

இக்கேள்வியை அந்நாளிலேயே எழுப்பியவர்கள் உண்டு. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பார்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பள்ளியின் முறைகளைக் கற்று, அவற்றைச் சைவத்தின் பொருட்டுக் கையாண்டார் அவர். பெண்களுக்கு அந்தப் பணியைச் செய்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். உடுவிலுக்கு அருகிலேயே உள்ள மருதனார்மடத்தில், 1913-இல், சைவச் சிறுமியருக்கென விடுதியோடு கூடிய இராமநாதன் கல்லூரியை அவர் திறந்தார். அங்கும் காலை வழிபாடு உண்டு. மாலை வழிபாடு உண்டு. வேதாகமத்தின் இடத்தில் தேவாரமும் திருவாசகமும். ஜெபத்தின் இடத்தில் சிவபூசை. பிற்காலத்தில் அம்மண்ணிலேயே இசைக்கென ஒரு கல்விக்கூடமும் தோன்றிற்று.

இதை எதிர்ப்பு என்று மட்டும் கொள்வது குறையாகும். தொண்ணூறு ஆண்டுகளுக்குமுன் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட சமூகம், இப்போது எந்தச் சமயச் சூழலில் எழுத்து என்று கேட்கத் தொடங்கிவிட்டது. முதற் கேள்வி மறைந்து இரண்டாம் கேள்வி பிறந்ததே உடுவில் சிறுமியர் ஈட்டிய பெரிய வெற்றி என்று நான் கருதுகிறேன். அவ்வெற்றியில் மதம் மாறியவளுக்கும் பங்கு உண்டு. மாறாதவளுக்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்திலும் இப்பணி பரவியது. பாளையங்கோட்டையில் 1858-இல் பெண்களுக்கென ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. இந்தியாவையே காணாமல், நோயுற்ற நிலையில் இங்கிலாந்தில் இருந்தபடியே தென்னிந்தியப் பணியைப் பற்றி நூல் எழுதிய சாராள் தக்கர் அம்மையாரின் நினைவாக அஃது அமைந்தது. அங்கே பயின்றவர்கள் சிற்றூர்தோறும் ஆசிரியைகளாகச் சென்றனர். விடுதிப் பள்ளி மனைவியரை மட்டும் உருவாக்கிய காலம் போய், சம்பளம் பெறும் ஆசிரியையை உருவாக்கும் காலம் இவ்வாறு தொடங்கியது. வட்டுக்கோட்டை செமினரி 1855-இலேயே மூடப்பட்டுவிட்டதையும், அதன் மாணவருக்கு மனைவியர் வேண்டுமென்று தொடங்கிய உடுவில் பள்ளி தொடர்ந்து நடந்ததையும் இங்கே நினைத்துப் பாருங்கள். எந்த நோக்கத்துக்காகத் தொடங்கியதோ அந்நோக்கத்தைக் கடந்து அப்பள்ளி வாழ்ந்தது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். இந்து சமயத்தவர், இளமையில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவர். இறைவணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி பழுதுபட்டால், நாங்கள் அவரைத்தான் அழைப்போம். ஆயிரம் பிள்ளைகள் கூடிய திடலின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி, ஓரெழுத்தும் சிதையாமல் வாசிப்பார். “இக்குரல் உங்களுக்கு எங்கே கிடைத்தது?” என்று ஒருமுறை கேட்டேன். “விடுதி ஆலயத்தில்தான் ஐயா. வாரம் ஒருத்தி வாசிக்க வேண்டும். என் முறை வரும்போது கை நடுங்கும். ஆறாவது முறை நடுங்கவில்லை” என்றார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. தாம் அங்கே கற்ற பாட்டுகளையும் அவர் மறக்கவில்லை. என் வழிபாடும் வேறுதான். ஆயினும் அக்குரலுக்கு என் பள்ளி கடன்பட்டிருந்தது.

இப்போது சட்டம் நமக்குத் தெளிவான வழி காட்டியிருக்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையங்களில் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ வருமாறு எவரையும் அவர் இசைவின்றிக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. வயது நிரம்பாதவராயின் பாதுகாவலரின் இசைவு வேண்டும். சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவு காக்கிறது. ஆலயம் இருக்கலாம், மணி ஒலிக்கலாம், உள்ளே வருவதற்குச் சிறுமியின் தரப்பிலிருந்து ஓர் இசைவு வேண்டும். உடுவிலின் பழைய பதிவேடுகளைப் பார்த்து நாம் கேட்ட கேள்விக்கு, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, சட்டத்தில் எழுதப்பட்ட விடை இது.

மாணவ மாணவியரே, உங்கள் பாட்டியரில் விடுதியில் தங்கிப் படித்தவர் எவரேனும் இருப்பின், அவரிடம் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள். காலை மணி எத்தனை மணிக்கு அடித்தது? என்ன பாடினீர்கள்? அதில் எதை நீங்களே விரும்பினீர்கள்? விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஆசிரியர்களும் பாதிரிமாரும் எழுதிய அறிக்கைகள் நூலகங்களில் நிறைய உள்ளன; விடுதியில் படுத்த சிறுமி தானே எழுதியவை மிகச் சில. அக்குறையை நிரப்பும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

உடுவில் பள்ளி 2024-இல் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்துவிட்டது. மருதனார்மடத்துக் கல்லூரியும் நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஒன்றில் ஜெபம் முடித்தும், மற்றொன்றில் தேவாரம் பாடி முடித்தும் வகுப்புக்குச் செல்லும் சிறுமியர் ஒரே பொதுத் தேர்வை எழுதுகின்றனர். அந்த விடைத்தாளைத் திருத்துபவருக்கு, எழுதியவள் எந்த மணியோசைக்கு எழுந்தவள் என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.